சீகிரியாவுக்குத் தனியாக: ஒரு ராத்திரி, ஒரு காலை போதுமா?

வைகைக்கரை

பிப்ரவரி இரண்டாவது வாரம் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம், யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள், அப்புறம் கண்டி. நடுவில் சீகிரியாப் பாறைக்கோட்டைக்கு ஒரு ராத்திரியும் மறுநாள் மதியம் வரையும் ஒதுக்க முடியும். தனியாள், ஒரு முதுகுப்பை, முழுக்க பஸ். பாறை உச்சியில் ஐந்தாம் நூற்றாண்டு அரசன் காசியப்பனின் அரண்மனை இருந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், அதுதான் நோக்கம்.

எங்கே இறங்கி மாறுவது, எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது, இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் எப்படி, வழிகாட்டி வேண்டுமா? உயரம் என்றால் கொஞ்சம் தலைசுற்றும். வலது முழங்கால் இறங்கும்போது வலிக்கும். எந்த இடம் கஷ்டம் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

கச்சேரியடி

பாதையை நான் சொல்லுறன். யாழ்ப்பாணம்–கண்டி பஸ் ஏ9 வீதியால போகும்: கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. கண்டி பஸ்ஸிலயே ஏறி தம்புள்ளையில இறங்கினாச் சரி. தூரம் 250 கிலோமீற்றர் வரும். ஆறு, ஆறரை மணித்தியாலம் எண்டு வையுங்கோ. காலமை வெள்ளன ஏறினால் மத்தியானம் திரும்பிற நேரம் இறங்கலாம். ஏறேக்கயே கண்டக்டரிட்ட தம்புள்ளை எண்டு சொல்லி வையுங்கோ. சில பஸ் பஸ் நிலையத்துக்குள்ள போகாமல் சந்தியில இறக்கிப்போட்டுப் போயிடும்.

தம்புள்ளை பஸ் நிலையத்தில 'சீகிரிய' எண்டு கேட்டால் உள்ளூர் பஸ்ஸைக் காட்டுவினம். 18 கிலோமீற்றர் போல, நிண்டு நிண்டு போறபடியா முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். பொழுதுபடுறதுக்கு முதலே இந்த பஸ்ஸைப் பிடியுங்கோ. ஆறு மணிக்குப் பிறகு பஸ்ஸை நம்பி நிண்டால் கடைசியில ஓட்டோக்காரர் சொல்லுறதுதான் விலை.

கனபேர் பிழை விடுற இடம் இனாமலுவச் சந்தி. வலைத்தளங்களில 'இனாமலுவயில இறங்கி மாறுங்கோ' எண்டு கிடக்கும். அது திருகோணமலை, ஹபரணைப் பக்கமிருந்து ஏ6 வீதியால வாற ஆக்களுக்கு. சந்தியிலயிருந்து சீகிரியா 10 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்து பஸ் அந்தச் சந்தியைத் தொடாது. நீங்கள் தம்புள்ளை வரைக்கும் வந்துதான் ஆகவேணும்.

திரும்பிறதும் அதே பாதைதான். சீகிரியாவில இருந்து தம்புள்ளை, தம்புள்ளையில இருந்து கண்டி 72 கிலோமீற்றர், ரெண்டு ரெண்டரை மணித்தியாலம். மத்தியானம் ஒரு மணிக்கு சீகிரியாவை விட்டால் பின்னேரம் கண்டியில நிக்கலாம்.

கொட்டியாரம்

நேரத்தைப் பற்றி. நுழைவாயில் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வழக்கமாக ஆறரை மணி. இடையிடையே மாற்றுவார்கள், அதனால் முதல்நாள் மாலையே தங்கும் வீட்டில் கேட்டு வையுங்கள்.

காலையில் ஏறச் சொல்வதற்கு வெயில் ஒன்று மட்டும் காரணமில்லை. ஏறும் வழி, பெண்களின் பழைய ஓவியங்கள் உள்ள குகை, முகம் தெரிய மெருகிட்ட 'கண்ணாடிச் சுவர்' மூன்றும் பாறையின் மேற்கு முகத்தில் இருக்கின்றன. காலை ஒன்பது, ஒன்பதரை வரை முழுப் பாறையின் நிழலும் உங்கள் மேல் விழும். கடைசி ஏற்றம் தொடங்கும் சிங்கப் பாத முற்றம் வடக்குப் பக்கம், அங்கும் காலையில் கடும் வெயில் இல்லை. பத்து மணிக்குப் பிறகு மொட்டைப் பாறையில் நிற்க நிழல் கிடையாது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறுகிறவர் வெயிலையும் வாங்குவார், பாறை அதுவரை குடித்து வைத்திருக்கும் சூட்டையும் வாங்குவார். மயங்கி விழுவது அநேகமாக அந்த நேரத்தில்தான்.

மூன்றரை மணிக்குமேல் ஏறுவதில் ஒரு லாபம் உண்டு. மேற்கு வெளிச்சம் நேரே ஓவியத்தில் விழும், நிறம் நன்றாகத் தெரியும். ஆனால் மூடும் நேரம் துரத்தும். உச்சியை நிதானமாகப் பார்க்க நினைக்கிறவருக்கு அது சரிவராது.

பிப்ரவரி நல்ல தெரிவு. வாடைக்காற்று மழை அநேகமாக ஓய்ந்திருக்கும், அடிவாரத்து நீர்த்தோட்டத்துக் குளங்களில் தண்ணீர் நிற்கும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பின்னேரம் இடி மின்னல் வரும். உச்சிக்குப் போகும் கடைசி ஏணிப்படி முழுக்க இரும்பு. மேகம் கறுத்தால் ஏறாமல் இறங்கிவிட வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, உச்சியில் தொப்பி, கண்ணாடி, தாள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போகும்.

நாளையும் பாருங்கள். போயா, அதாவது முழுநிலா நாள், சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு வாரம் இவற்றைத் தவிருங்கள். ஓவியக் குகைக்கு ஏறும் சுருள் வளைபடியில் ஒருவர் பின் ஒருவர்தான் போகலாம், கூட்ட நாளில் அந்த ஓர் இடமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

செங்கல்சுண்ணம்

வைகைக்கரை, நோக்கம் அரண்மனை என்றதால் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். பெரும்பாலோர் நீர்த்தோட்டத்தில் முக்கால் மணி நேரம் படம் எடுத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு படியில் கால் வைக்கிறார்கள். நீங்கள் போகும்போது தோட்டத்தை நிற்காமல் கடந்து மேலே போய்விடுங்கள். இறங்கியபின் அதைப் பாருங்கள், காலும் ஓய்ந்திருக்கும்.

தரையிலிருந்து பாறை சுமார் 180 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 1,200 படிகள் என்பார்கள், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மேற்கு வாயிலில் அகழியைத் தாண்டியதும் நேர்கோட்டு நடைபாதை, அரை கிலோமீட்டருக்கு மேல் சமதரை. அடுத்து உருண்டைப் பாறைகளுக்கு நடுவே பழைய கல்படிகள், அடுக்குத் தோட்டத்தில் செங்கல் படிகள். இங்கே ஒரு படி நாலு விரல் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். மூச்சு வாங்குவது இந்தப் பகுதியில்தான்.

அதற்குமேல் பாறையின் இடுப்பில் ஒட்டிய இரும்பு நடைமேடை. அங்கிருந்து ஓவியப் பொந்துக்கு வளைபடி ஏறும், இன்னொன்று இறங்கும். இறங்கினால் கண்ணாடிச் சுவர். அதை ஒட்டி நடந்து வடக்கே திரும்பினால் சிங்கப் பாத முற்றம். இங்கே கட்டாயம் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கடைசி ஏற்றம் இங்கிருந்து தொடங்குகிறது.

அந்த இரண்டு பாதங்களும் ஒரு முழுச் சிங்கத்தின் மிச்சம். செங்கல்லால் கட்டிச் சுதை பூசிய தலையும் மார்பும் மேலே இருந்தன, அதன் வாய்க்குள் புகுந்துதான் அரண்மனைக்குப் படி ஏறியது. 'சிங்ககிரி' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பாதங்கள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. 1890களின் கடைசியில் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் தோண்டி எடுத்தார். இரும்புப் படியில் ஏறும்போது பக்கத்துப் பாறையைப் பாருங்கள், சிறுசிறு வெட்டுகள் வரிசையாகப் போகும். செங்கல் படியும் சுவரும் வழுக்காமல் பிடித்து நிற்க அன்று வெட்டிய பள்ளங்கள் அவை. பழைய பாதை எந்தக் கோணத்தில் போனது என்பதை அந்த வெட்டுகளை வைத்தே மனதில் வரைந்துகொள்ளலாம்.

நிற்காமல் ஏறினால் ஒரு மணி நேரம். ஓவியம், முற்றம் எல்லாம் சேர்த்து ஒன்றரை. உச்சிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். இறங்க நாற்பது நிமிடம், தோட்டங்களுக்கு ஒரு மணி, அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி. ஆறரைக்கு நுழைந்தால் பன்னிரண்டுக்கு முடியும். ஆக, உங்கள் தலைப்புக் கேள்விக்குப் பதில்: போதும், முதல்நாள் ராத்திரி அங்கேயே தங்கினால்.

வைகைக்கரை

அருமை. வளைபடி, இரும்புப் படி இரண்டில் தலைசுற்றுகிறவருக்கு எது மோசம்? பாதியில் திரும்ப முடியுமா?

மலைப்படி

பார்க்கப் பயமுறுத்துவது வளைபடி. ஆனால் அதைச் சுற்றிக் கம்பிவலை இருக்கிறது, அதிகம் ஆடாது, சீக்கிரம் முடிந்துவிடும். உண்மையில் கஷ்டம் சிங்கப் பாதத்துக்கு மேலே உள்ள இரும்புப் படிதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடி, அதற்கப்பால் வெறும் வெளி. படித்தகட்டுகளுக்கு இடையிலும் கீழே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். பாறை இருக்கும் பக்கக் கைப்பிடியை விடாமல் பிடியுங்கள். பார்வையை உங்களுக்கு முன்னால் மூன்றாவது படியில் வையுங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நாலு படி இடைவெளி விடுங்கள். அவர் படம் எடுக்கச் சட்டென்று நின்றால் நீங்கள் பின்னால் சாயக் கூடாது. தலைசுற்றல் வந்தால் அண்ணாந்து பார்க்காமல் பாறையை நோக்கித் திரும்பி நின்று மூச்சை மெதுவாக விடுங்கள். பின்னால் வருகிறவர் காத்திருப்பார், அவசரப்படாதீர்கள்.

திரும்புவது பற்றி: சிங்கப் பாத முற்றம்தான் முடிவெடுக்கும் இடம். அங்கிருந்து தனி வழியில் இறங்கிவிடலாம். படிக்கட்டின் நடுவில் மனம் மாறினால் ஏறுகிறவர் வரிசைக்கு எதிராக இறங்க வேண்டிவரும், அதைத் தவிருங்கள். முற்றத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் அந்தப் படியையே பாருங்கள். மனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இறங்குவதில் குறை ஒன்றுமில்லை. ஓவியம், சுவர், சிங்கப் பாதம், தோட்டம் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

முழங்காலுக்கு: ரப்பர் முனை போட்ட மடக்கும் கைத்தடி ஒன்று. கல்படியில் இறங்கும்போது தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அடுத்து வலியுள்ள காலை வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இரும்புப் படிக்கு வந்ததும் தடியை மடக்கிப் பையில் போடுங்கள், அங்கே இரண்டு கையும் கம்பியில் இருக்க வேண்டும். முழங்கால் பட்டையை மலையடியில் கட்டாமல் அறையிலேயே கட்டிக்கொண்டு கிளம்புங்கள். செருப்பு வேண்டாம். அடிப்பகுதி தேயாத, பின்னால் பட்டை உள்ள சாண்டலோ காலணியோ போதும்.

இன்னொன்று. தனியாக வருகிறவர் திணறுவதைப் பார்த்தால் சிலர் வந்து கையைப் பிடித்தும் முதுகைத் தாங்கியும் ஏற்றிவிடுவார்கள், கீழே வந்ததும் பெரிய தொகை கேட்பார்கள். தேவையில்லை என்றால் முதல் தொடுகையிலேயே 'எப்பா' என்று சிங்களத்தில் சொல்லுங்கள், 'வேண்டாம்' என்று அர்த்தம். தேவை என்றால் தொகையை அங்கேயே பேசி முடியுங்கள்.

கொட்டியாரம்

தேனீயைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

'சத்தம் போடாதீர்கள், குளவி தாக்கும்' என்று பலகை வைத்திருப்பார்கள். அங்கே பெரும்பாலும் தொங்குவது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. சிங்கப் பாத முற்றத்துக்கு மேலே பாறை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதல்லவா, அதன் அடியில் கறுப்புப் பாய் தொங்கவிட்டதுபோல் அடை தெரியும். எல்லா மாதமும் இருக்காது, இருக்கும்போது பல அடை இருக்கும். பருந்து, காற்று, புகை, கூச்சல், எது கலைத்தாலும் கூட்டமாகக் கிளம்பும்.

முற்றத்திலும் படியிலும் மெல்லிய குரலில் பேசுங்கள், கைபேசியில் பாட்டு வேண்டாம். அன்று காலை சென்ட், வாசனைத் தலைஎண்ணெய் போடாதீர்கள். வெளிர்நிற முழுக்கைச் சட்டை நல்லது, கறுப்பு அவற்றை இன்னும் சீண்டும். காவலர் வழியை மூடியிருந்தால் வாதாடாமல் காத்திருங்கள்.

கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காதீர்கள். முற்றத்தில் இதற்கென்றே கம்பிவலைக் கூண்டு இருக்கிறது, துவாயால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு அதற்குள் போங்கள். படியில் மாட்டினால் ஓடாதீர்கள். கொட்டு வாங்குவதைவிட விழுவது ஆபத்து. ஒரு தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், அதிலிருந்து வரும் வாசனை மற்றவற்றை அதே இடத்துக்கு இழுக்கும். ஆகவே முதலில் அவ்விடத்தை விட்டு விலகுங்கள், உடனே நகத்தாலோ அட்டை விளிம்பாலோ வழித்து எடுங்கள். தேனீக் கொட்டு ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று தெரிந்தவர், வைத்தியர் தந்த மருந்து கையில் இல்லாமல் ஏறவே கூடாது. நிறையக் கொட்டியிருந்தாலோ, உதடு வீங்கி மூச்சு இறுகினாலோ 1990ஐ அழையுங்கள். இலவச அம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரி தம்புள்ளையில்.

சிக்கனநடை

கட்டணத்தைப் பார்த்தால் பிதுரங்கலவே போதும் என்பது என் கருத்து. சீகிரியாவுக்கு வடக்கே ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பாறை, கட்டணம் மிகக் குறைவு, அங்கிருந்து பார்த்தால் சீகிரியாவே முழுசாகத் தெரியும். உச்சியில் நின்றால் சீகிரியாவைப் பார்க்க முடியாதே!

செங்கல்சுண்ணம்

காட்சி மட்டும் வேண்டுமென்றால் நீங்கள் சொல்வது சரி. பிதுரங்கலவிலிருந்து பார்க்கும்போதுதான் இந்தப் பாறை ஏன் ஓர் அரசனின் கண்ணில் பட்டது என்று புரியும். ஆனால் கேட்டவர் அரண்மனையைப் பார்க்க வருகிறார். அதற்கு உச்சிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

உச்சியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனால் ஏமாற்றமாகவே இருக்கும். சுவர் இல்லை, கூரை இல்லை, தூண் இல்லை. மேல்கட்டு மரம், கூரை ஓடு. எல்லாம் போய்விட்டது. முழங்கால் உயரச் செங்கல் அடித்தளங்கள்தான் மிச்சம். பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு இறங்குகிறவர்கள் அதனால்தான் இறங்குகிறார்கள்.

படி முடிந்ததும் முதலில் மிக உயரமான இடத்துக்குப் போய் நின்று மொத்தத் தரையையும் பாருங்கள். பரப்பு சுமார் 1.6 ஹெக்டேர், நாலு ஏக்கர். மேற்குப் பாதி உயரம், கிழக்குப் பாதி தாழ்வு, தெற்கே சரிவு. மேற்கு மேட்டில் இருந்தது உள் அரண்மனை, அரசன் வாழ்ந்த பகுதி. கிழக்குத் தாழ்வில் வெளி அரண்மனை. தெற்கே தோட்டம். மூன்றும் சந்திக்கும் இடத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய பெரிய குளம், ஏறத்தாழ 27 மீட்டருக்கு 21 மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வெண்கல் நடைபாதை ஓடுகிறது. அந்த ஒரு கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று ஒவ்வொரு அடித்தளமும் தன் இடத்தில் போய் உட்காரும். தரையோடு செதுக்கிய கல் இருக்கை ஒன்று கிழக்கு நோக்கி இருக்கிறது, சிம்மாசனம் என்பார்கள்.

குளத்தின் கரையில் கொஞ்சம் நில்லுங்கள். மொட்டைப் பாறை உச்சியில் வெட்டிய குளத்தில் மழைநீர் நிற்கிறது. இந்த ஊர் வறள்வலயம், வருடத்தில் பாதி வானம் பொய்க்கும். காசியப்பனின் அப்பா தாதுசேனன் கலாவெவ ஏரியைக் கட்டியவன். பாண்டியர் வழி ஆட்சியை முடித்து அநுராதபுரத்தைப் பிடித்தவனும் அவனே. செல்வம் எங்கே என்று மகன் கேட்டபோது கலாவெவத் தண்ணீரைக் காட்டி 'இதுதான் என்னிடம் உள்ளது' என்றான் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அப்பனைக் கொன்ற மகன் இங்கே வந்து 477 முதல் 495 வரை ஆண்டான். அந்த மகனின் அரண்மனையிலும் நட்ட நடுவில் இருப்பது தண்ணீர்தான்.

ஓரங்களில் எல்லா இடத்திலும் வேலி இல்லை. பின்னால் நகர்ந்துகொண்டே படம் எடுக்காதீர்கள்.

மலைப்படி

கட்டணம். வெளிநாட்டவருக்கு டாலர் கணக்கு, 30லிருந்து 35க்குள் இருந்து வருகிறது. சார்க் நாட்டவருக்கு ஏறத்தாழ பாதி. இந்திய பாஸ்போர்ட் அதில் சேரும், ஆனால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அறையில் வைத்துவிட்டுக் கைபேசியில் படம் காட்டினால் முழுக்கட்டணம் கேட்க வாய்ப்பு உண்டு. பணத்தை நீட்டும் முன்பே 'சார்க்' என்று சொல்லுங்கள், சீட்டு அடித்தபின் மாற்றுவது கடினம். சீட்டை வீசிவிடாதீர்கள், அருங்காட்சியகமும் அதில் அடங்கும். மேலே போகும் வழியிலும் கேட்பார்கள்.

வழிகாட்டி தனியாளுக்குக் கட்டாயம் இல்லை. எடுப்பதென்றால் அரசு அடையாள அட்டை உள்ளவரை எடுங்கள், நீர்த்தோட்டத்தையும் சேர்த்துக் காட்டுவாரா, உச்சியில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று முதலிலேயே கேளுங்கள். செங்கல்சுண்ணம் எழுதியதைத் தாளில் எழுதிக்கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது.

ஏட்டுச்சுவடி

அரண்மனை, அரண்மனை என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இது அரண்மனையே இல்லை, பௌத்த மடம் என்று தொல்லியல் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா வாதிட்டிருக்கிறார். ஓவியத்தில் உள்ள பெண்களும் அரசிகள் இல்லை என்பார்.

செங்கல்சுண்ணம்

அவர் கருத்தை ஒதுக்கவில்லை, நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். மடம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உருண்டைப் பாறைத் தோட்டத்துக் குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாமல் இருக்கக் காடி வெட்டியிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளில் வைகைக்கரை பார்த்திருக்கும் அதே காடி. பக்கத்தில் பிராமி எழுத்துக் கொடைக் கல்வெட்டுகளும் உண்டு. நாகபடக் குகையில் ஒன்றை நன்றாகப் பார்க்கலாம். இவை காசியப்பனுக்குப் பல நூறு ஆண்டு முந்தியவை. அவனுக்குப் பிறகும் தலைநகர் அநுராதபுரத்துக்கே திரும்பியது, இடம் பிக்குகளிடம் போனது.

என் கேள்வி ஒன்றுதான்: மடத்துக்கு அவ்வளவு பெரிய இன்பத் தோட்டம் எதற்கு? கீழே நீர்த்தோட்டத்தில் துளையிட்ட வட்டச் சுண்ணக்கல் தட்டுகள் இருக்கின்றன, நீரூற்று. மேட்டிலிருந்து நிலத்தடிக் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே அவற்றை இயக்கும். நல்ல மழைக்காலத்தில் இன்றும் பீறிடும். இதெல்லாம் அரசனின் செலவு. தொல்லியலாளர் பரணவிதான ஒரு படி மேலே போய், காசியப்பன் தன்னைக் குபேரனாகவே காட்டிக்கொண்டான் என்றார். மேகத்திலிருந்து இடுப்புக்கு மேல் எழும் அந்தப் பெண்களை மேகக் கன்னியர், மின்னல் கன்னியர் என்று படித்தார். பொன்னிறம் ஒன்று, கருநிறம் ஒன்று. அப்சரஸ் என்பவர்களும் உண்டு. நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே மேகம் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

இன்று எஞ்சியவை இருபத்துச் சொச்சம். கண்ணாடிச் சுவரில் பழைய பார்வையாளர் ஒருவர் ஐந்நூறு பெண்கள் என்று எழுதியிருக்கிறார். 1967இல் விஷமிகள் பச்சை வண்ணத்தைக் கொட்டிச் சிலவற்றைக் கெடுத்தார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரான்சி வந்து மீட்டார். அங்கே படமெடுக்கத் தடை, கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

சுவரைப் பற்றி ஒரு வேண்டுகோள். முகம் தெரியும்படி மெருகிட்ட அந்தச் சுண்ணப் பூச்சில் ஆறாம் நூற்றாண்டு முதல் வந்தவர்கள் பாட்டு எழுதியிருக்கிறார்கள். பரணவிதான 685 வரிகளைப் படித்து 1956இல் வெளியிட்டார். விரல் எண்ணெய் பட்டாலும் பூச்சு கறுக்கும், தொடவே தொடாதீர்கள். பெயர் கீறினால் சிறை. 2015இல் ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு கிடைத்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

ஏட்டுச்சுவடி

685 வரிகள் இல்லை, 685 பாடல்கள். திருத்திவிடுங்கள்.

செங்கல்சுண்ணம்

ஆம், பாடல்கள். நன்றி.

வைகைக்கரை

பையை எங்கே வைப்பது? சாப்பாடு, தண்ணீர்? பிதுரங்கலவையும் விடியலில் சேர்க்க முடியுமா?

கச்சேரியடி

கிராமத்துக்குள்ள வீட்டோட சேர்ந்த தங்குமிடம் கனக்க இருக்கு, வாசலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில ஒண்டை எடுங்கோ. அறையை விடுற நேரம் பத்து, பதினொண்டு எண்டிருக்கும். முதல்நாளே சொல்லி, பெரிய பையை அவையிட்ட குடுத்துப்போட்டுப் போங்கோ. காலமைச் சாப்பாட்டை ஆறு மணிக்குப் பார்சல் கட்டித் தரச் சொல்லலாம், அநேகமான வீடுகளில செய்வினம்.

மலைக்குக் கொண்டுபோறது சின்னப் பை: ஒண்டரை லீற்றர் தண்ணி, ஒரு பைக்கற் உப்புச் சீனிக் கரைசல், தொப்பி, சின்னத் துவாய், கடவுச்சீட்டு. மேல கடையும் இல்லை, மலசலகூடமும் இல்லை. வாசலடியில எல்லாத்தையும் முடிச்சிட்டு ஏறுங்கோ. வாழைப்பழத்தை ஷொப்பிங் பையில தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, குரங்கு நேர கையிலதான் பாயும். சாப்பாடு சிப் பூட்டின பைக்குள்ள இருக்கட்டும்.

விடியப்புறம் பிதுரங்கல, பிறகு சீகிரியா எண்டு ரெண்டையும் அடுக்கினால் சீகிரியா ஏறேக்க ஒன்பது மணி வெயில். உங்கட முழங்காலுக்கு நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். பிதுரங்கலவில கடைசித் துண்டு படி இல்லை, பாறையளுக்கு மேலாலயும் இடையாலயும் கையூண்டித்தான் ஏறவேணும், இறங்கிறது அதைவிடச் சிக்கல். வேணுமெண்டால் முதல்நாள் பின்னேரம் அடிவாரத்துக் கோயிலையும், பாதி வழியில படுத்திருக்கிற செங்கல் புத்தரையும் மட்டும் பாருங்கோ. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது.

யானைக் கவனம். இனாமலுவ–சீகிரியா வீதியிலயும் பிதுரங்கலப் பாதையிலயும் பொழுதுபட்டால் யானை இறங்கும். ஆறரைக்குப் பிறகும், வெளிச்சம் வர முதலும் நடக்கவோ சைக்கிள் ஓடவோ வேண்டாம். சாப்பிடப் போனாலும் ஓட்டோவில போய் ஓட்டோவில வாங்கோ. தனியா வாற பெண்களுக்கும் இதே சொல்லுத்தான், சுற்றுலாப் பொலிஸ் இலக்கம் 1912.

மலைப்படி

விடுபட்டது ஒன்று. ஏறிய வழியாகவே முழுக்க இறங்கமாட்டீர்கள். சிங்கப் பாத முற்றத்துக்குக் கீழே இறங்கும் பாதை பிரிந்து, நாகபடக் குகைப் பக்கமாகத் தெற்கே வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடும். கடைகளின் சத்தத்தில் நேரே வெளியே போய்விட்டால் நீர்த்தோட்டத்தைத் தவறவிடுவீர்கள். குகையைப் பார்த்ததும் மேற்கே திரும்பி, அகழி நோக்கிப் போகும் நடைபாதையைப் பிடியுங்கள். குளங்களைப் பார்த்துக்கொண்டே வந்த வாசலுக்கு வந்தால் அருங்காட்சியகம் அந்தப் பக்கம்தான், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஓட்டோ பேசியிருந்தால் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வையுங்கள்.